கிடை போட்ட இடத்தில் மட்டும் சீமைக்கருவேலம் முளைப்பது ஏன்?

கேள்வி (கமுதி மானாவாரி):
எங்கள் நிலத்திலிருந்த சீமைக்கருவேல மரங்களைப் பொக்லைன் வைத்து வேரோடு அகற்றிவிட்டு, கோடையில் செம்மறியாட்டுக் கிடை போட்டோம் (எருவுக்காக மந்தையை இரவில் நிலத்தில் மறித்து வைப்பது). ஐப்பசி மழைக்குப் பிறகு, கிடை மறித்த இடத்தில் மட்டும் கன்றுகள் அடர்ந்து முளைத்துள்ளன. இவை மண்ணில் முன்பே கிடந்த விதைகளா, ஆடுகள் கொண்டுவந்தவையா? இனிக் கிடையே போடக் கூடாதா?

பதில் 1 (தாவரவியல் ஆசிரியர்):
பெரும்பாலும் ஆடுகள் கொண்டுவந்தவையே. சந்தேகமிருந்தால், ஈரத்தில் ஒரு கன்றை மெதுவாகப் பிடுங்கி, வேர்க்கழுத்தில் புழுக்கைத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இம்மரத்தின் மஞ்சள் நெற்றில் ஆடு விரும்புவது இனிப்பான சதையைத்தான். உள்ளே கெட்டியான உறைக்குள் இருக்கும் விதைகளில் ஒரு பகுதி மெல்லும்போது நொறுங்கினாலும், தப்பியவை குடல்வழியே வெளிவரும்போது மேல்தோல் இளகி, நீரை எளிதாக உறிஞ்சும் நிலையை அடைகின்றன. நாட்டுக் கருவேலத்துக்கும் இதே வழிதான். அதன் நாற்றுக்கு ஆட்டுப்பட்டியில் பொறுக்கிய விதையைத் தேடி வாங்கும் வழக்கம் உண்டு. மாடுகள் ஆடுகளைவிடக் குறைவாக மெல்லுவதால், சாணத்தில் முழு விதைகள் இன்னும் அதிகமாக இருக்கும்.

பதில் 2 (கண்மாய்ப் பாசனம்):
ஆட்டை மட்டும் குறை சொல்வது சரியல்ல. நெற்றுகள் நீரில் மிதப்பதால் வரத்துக்கால்கள் வழியாகவும் அவை பரவுகின்றன. எங்கள் கண்மாயின் உட்கரையில் நீர் ஏறி நின்ற மட்டத்திலேயே கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. உங்கள் நிலத்தில் அப்படி வரிசை இல்லாததால், முந்தைய பதிலை ஏற்கிறேன். அமெரிக்கக் கண்டத்து மரம் 1877இல் இந்தியாவுக்கு வந்து இவ்வளவு தூரம் பரவியதற்கு நீரும் கால்நடையும் சேர்ந்தே காரணம்.

பதில் 3 (கிடை வைத்திருப்பவர்):
கிடையை நிறுத்த வேண்டாம், ஐயா. கோடையில் புல் காய்ந்துவிடுவதால் மந்தை நெற்றை நம்பியே இருக்கிறது. கிடை கேட்பதும் அதே பருவத்தில்தான். கிடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, மறிப்பதற்கு முன் ஒரு வாரம் நெற்று இல்லாத தரிசில் மேய்க்கச் சொல்லுங்கள். வயிற்றிலுள்ள விதைகள் பெரும்பாலும் அங்கேயே கழிந்துவிடும். நெற்றை அரைத்துத் தீவனமாகக் கொடுத்தால் விதையே மிஞ்சாது, ஆனால் பெரிய மந்தைக்கு அது கட்டுப்படியாகாது. இப்போதுள்ள கன்றுகளை மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். அரிவாளால் மேலோடு அறுத்தால், அடியிலிருந்து பல கிளையாகத் துளிர்த்துப் புதராகிவிடும்.