பிஜிபேட்ஜர்: தரவுத்தளவாரியாக அறிக்கை பிரியவில்லை, நேரமும் எட்டு மணி பின்தங்குகிறது

செழியன், தெம்பனிஸ்

அனைவருக்கும் வணக்கம். துணைப்பாட நிலையங்களை நடத்தும் ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தில் போஸ்ட்கிரெஸ் 16 என்ற தரவுத்தள சர்வரைப் பராமரித்து வருகிறேன். வருகைப்பதிவு, கட்டணம், பெற்றோர் செயலி என மூன்று தரவுத்தளங்கள் அதில் இயங்குகின்றன. சர்வர் தன் நடப்புகளைப் பதியும் லாக் கோப்புகளை ஆராய்வதற்கு, பெர்ல் மொழியில் எழுதப்பட்ட பிஜிபேட்ஜர் என்ற கருவியை நெடுநாளாகப் பயன்படுத்துகிறோம். அண்மையில் அதன் பழைய பதிப்பை நீக்கிப் புதியதை நிறுவியபோது, ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனி அறிக்கை தரும் எக்ஸ்ப்ளோட் தெரிவு இருப்பதைக் கண்டு அதை இயக்கினேன். ஆனால் மூன்றாகப் பிரிய வேண்டிய குவெரிகள் (தரவுத்தளத்துக்குச் செல்லும் வினவல்கள்) யாவும் ஒரே அறிக்கையில் குவிந்து கிடக்கின்றன.

இன்னொன்று நேரம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்புகள் தொடங்கும்போதுதான் எங்கள் சர்வர் திணறும். அறிக்கையோ அந்த உச்சத்தை நள்ளிரவு ஒரு மணியில் காட்டுகிறது. இந்த அறிக்கையை வெளியிலுள்ள ஆலோசகர் ஒருவருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. குவெரிகளுக்குள் மாணவர்களின் அடையாள எண்கள் தென்படுவதால், அனுப்பலாமா என்ற தயக்கமும் உள்ளது. லாக்கின் ஒவ்வொரு வரியின் முன்பும் எவை வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் லாக் லைன் ப்ரிஃபிக்ஸ் அமைப்பு மாற்றப்படாமல் இருக்கிறது. லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மெண்ட் (குவெரி லாக்கில் பதிவாக அது எடுக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம்) 500 மில்லிவிநாடி.

மலர்விழி, ஈசூன்

வணக்கம் செழியன். சர்வர் லாக்கில் எழுதாத எதையும் பிஜிபேட்ஜரால் அறிக்கையில் காட்ட முடியாது. போஸ்ட்கிரெஸ் 10 முதல் லாக் லைன் ப்ரிஃபிக்ஸின் இயல்பான அமைப்பில் நேரமும் பிராசஸ் எண்ணும் மட்டுமே இருக்கின்றன. எந்தத் தரவுத்தளம், எந்தப் பயனர் என்பது வரியில் இல்லாதபோது எக்ஸ்ப்ளோட் தெரிவு எதை வைத்துப் பிரிக்கும்? ப்ரிஃபிக்ஸில் பயனர், தரவுத்தளம், செயலியின் பெயர், கிளையண்ட் முகவரி ஆகிய நான்கையும் சேர்த்து, அதே அமைப்பை பிஜிபேட்ஜருக்கும் ப்ரிஃபிக்ஸ் தெரிவின் வழியாகக் கொடுங்கள். இதற்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை, அமைப்புகளை மட்டும் மீண்டும் படிக்கவைக்கும் ரீலோட் போதும்.

உங்களுடையது 16 என்பதால் வேறொரு வழியும் உண்டு. 2022-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 15-லிருந்து சர்வரே லாக்கை ஜேசன் (பெயரும் மதிப்பும் இணையாக வரும் உரை) வடிவில் எழுதும். பிஜிபேட்ஜரும் ஜேசன்லாக் என்ற வடிவத்தைப் படிக்கும். அதில் பயனர், தரவுத்தளம், குவெரி ஐடி முதலியன தனித்தனிப் புலங்களாக வந்துவிடுவதால் ப்ரிஃபிக்ஸைப் பற்றிய கவலையே இல்லை. அந்த அமைப்பு ஜேசன் லாக்கில் செல்லுபடியாவதும் இல்லை. லாக்கைக் கோப்பில் சேர்க்கும் லாகிங் கலெக்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், புலங்களின் பெயர்கள் வரிக்கு வரி திரும்ப வருவதால் கோப்பும் பருக்கும். தனிப்பட்ட முறையில், டிஸ்க்கில் இடம் இருந்தால் நான் ஜேசனையே தேர்வேன்.

அறிக்கைகள் பிரிந்த பிறகு கட்டணத் தரவுத்தளத்தின் பக்கத்தில் செக்பாயிண்ட் (நினைவகத்து மாற்றங்களை டிஸ்க்கில் எழுதும் பணி) விவரங்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தனியொரு தரவுத்தளத்தைச் சாராத பொதுத் தகவல்கள் அனைத்தும் போஸ்ட்கிரெஸ் என்ற பெயருள்ள தரவுத்தளத்தின் அறிக்கையில்தான் சேர்க்கப்படும்.

நேரச் சிக்கலுக்குக் காரணம் சிங்கப்பூருக்கு எட்டு மணி நேரம் பின்னால் உள்ள ஜிஎம்டி நேரத்தில் சர்வர் எழுதுவது. பிஜிபேட்ஜரில் இதற்கென இரு தெரிவுகள் உள்ளன: டைம்ஸோன் தெரிவு வரைபடங்களின் நேரத்தைச் சரிக்கட்டும்; லாக் டைம்ஸோன் தெரிவு லாக்கிலிருந்து படிக்கும் நேரத்தையே மாற்றிவிடும். இரண்டாவதைப் பயன்படுத்தினால் அறிக்கையில் கண்ட நேரத்தைக் கொண்டு மூல லாக்கில் தேடும்போது எட்டு மணி நேரம் தள்ளித் தேட வேண்டும். நள்ளிரவில் சர்வர் விழுந்து கிடக்கையில் அந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வராது. ஆகவே போஸ்ட்கிரெஸின் லாக் டைம்ஸோன் அமைப்பையே ஏசியா/சிங்கப்பூர் என்று மாற்றுவது நல்லது. மாற்றும் நாளில் வரைபடத்தில் எட்டு மணி நேர வெற்றிடம் ஒன்று விழும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அன்பு, கிளமெண்டி

அடையாள எண்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பிஜிபேட்ஜரின் அனானிமைஸ் தெரிவு குவெரிகளிலுள்ள நேரடி மதிப்புகளை மறைத்துவிடும். ஆனால் அது அறிக்கையை மட்டுமே தூய்மைப்படுத்துகிறது. மூல லாக் கோப்பில் எண்கள் அப்படியே இருக்கும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் என்ஆர்ஐசி (தேசிய அடையாள அட்டை) எண்களைக் கையாள்வதற்கான கடுமையான வழிகாட்டி நெறிமுறைகள் 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளன; லாக் கோப்பு என்பதற்காக அதற்கு விலக்கு கிடையாது.

செயலி, மதிப்புகளைக் குவெரியின் உரையில் எழுதாமல் தனியே அனுப்பும் பைண்ட் பாராமீட்டர்களைப் பயன்படுத்துவதாக இருந்தால், போஸ்ட்கிரெஸ் 13-இல் வந்த லாக் பாராமீட்டர் மேக்ஸ் லெங்த் அமைப்பைப் பூஜ்யமாக்குங்கள். அதன்பின் வழக்கமான குவெரி பதிவுகளில் அந்த மதிப்புகள் லாக்கிற்கே வராது. ஆனால் தனித்தன்மை விதி (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்பது) போன்றவை மீறப்படும்போது வரும் பிழைச்செய்தியின் டீடெயில் வரியில் மதிப்பு அப்படியே அச்சாகும். அனுப்புவதற்கு முன் அறிக்கை முழுவதிலும் எஸ், டி, எஃப், ஜி, எம் ஆகியவற்றில் ஓர் எழுத்து, ஏழு இலக்கங்கள், மீண்டும் ஓர் எழுத்து என்ற வடிவத்தைத் தேடிப் பாருங்கள். எம் எழுத்து 2022-இல்தான் வெளிநாட்டவர் எண்களுக்குச் சேர்க்கப்பட்டது என்பதால் பழைய ஸ்கிரிப்டுகள் அதைத் தவறவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 500 மில்லிவிநாடி என்ற வரம்பு இருக்கும்வரை, இரண்டே மில்லிவிநாடியில் முடிந்தாலும் ஒரு காலைப்பொழுதில் இலட்சக்கணக்கான முறை ஓடும் குவெரி உங்கள் கண்ணில் படவே படாது. சனிக்கிழமைத் திணறலுக்கு அத்தகைய குவெரிதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வரம்பைப் பூஜ்யமாக்கினால் லாக் வெள்ளமாகப் பெருகும். மாதிரிக்குச் சில குவெரிகளை மட்டும் எழுதும் லாக் ஸ்டேட்மெண்ட் சாம்பிள் ரேட் அமைப்பு 13 முதல் உள்ளது என்றாலும், அப்போது அறிக்கையின் மொத்த எண்ணிக்கைகளை நம்ப முடியாது. மொத்த நேரத்துக்கு, ஒவ்வொரு குவெரியின் ஓட்டங்களையும் சர்வருக்குள்ளேயே கூட்டிவைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ், பூட்டு, தற்காலிகக் கோப்பு, பிழைகள் ஆகியவற்றுக்கு பிஜிபேட்ஜர் என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

செழியன், தெம்பனிஸ்

இருவருக்கும் நன்றி. ஜேசன் லாக்கிற்கு மாறியதும் அறிக்கைகள் ஒழுங்காகப் பிரிந்தன. உச்சமும் காலை ஒன்பது மணிக்கு வந்து நிற்கிறது. அன்பு அவர்கள் ஊகித்தபடியே, பெற்றோர் செயலி வருகையைச் சரிபார்க்க அனுப்பும் சிறிய குவெரி ஒன்றுதான் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸில் மொத்த நேரத்தின்படி முதலிடத்தில் உள்ளது. ஒரு கேள்வி மிஞ்சுகிறது: இன்கிரிமெண்டல் முறையில் நாள்தோறும் சேர்ந்துவந்த பழைய அறிக்கைப் பக்கங்களில் புதிய பதிப்பின் வசதிகள் வரவில்லையே, என்ன செய்வது?

மலர்விழி, ஈசூன்

ரீபில்டு என்ற தெரிவு அதற்காகவே உள்ளது. இன்கிரிமெண்டல் முறையில் வெளியீட்டு அடைவில் சேமிக்கப்படும் பைனரி தரவுக் கோப்புகளைக் கொண்டு, பக்கங்கள் அனைத்தையும் புதிய வடிவில் மீண்டும் உருவாக்கும். பைனரி கோப்பு நீக்கப்பட்டுவிட்ட நாள்களுக்கு அது உதவாது. அந்நாள்களின் லாக் கோப்புகள் கையிலிருந்தால் அவற்றை வேறோர் அடைவில் தனியாக ஓட்டிக்கொள்ளுங்கள். பழைய கோப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதைச் சொல்லும் ரிடென்ஷன் தெரிவுக்குக் கொடுத்த எண்ணையும் அப்படியே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது வாரக் கணக்கு, நாள் கணக்கு அல்ல.