தாத்தாவின் நீல வாக்மேன்: பெல்ட் இல்லை, ரோலர் இல்லை, பேட்டரி மூடியும் இல்லை. தேற்ற முடியுமா?

முத்தியால்பேட்டைக்காரன்:

எங்கள் தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். வரும்போது அவர் கொண்டுவந்த சோனி வாக்மேன் ஒன்று பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. நீலமும் வெள்ளியுமாக உலோக உடம்பு, ஹெட்போன் சொருக இரண்டு ஓட்டை, ஆரஞ்சு பட்டன் இருந்த இடத்தில் வெறும் குழி. மாடல் டிபிஎஸ்-எல்2.

பெல்ட், பேட்டரி மூடி, ஆரஞ்சு பட்டன், டேப்பை அழுத்துகிற ரப்பர் ரோலர், இவ்வளவும் இல்லை. ரோலர் போனது தனிக்கதை. அப்பா ஒரு காலத்தில் இதை ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார், அவர்கள் சாமான் வரணும் சாமான் வரணும் என்று மாசக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, கழற்றியதை மாட்டாமலேயே ஒரு பாலித்தீன் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஸ்குரூவே பாதிதான் இருக்கிறது. பேட்டரி போடும் இடம் பச்சை பூத்துக் கிடக்கிறது, பெல்ட் ஓடின பாதை முழுக்க தார் மாதிரி கருப்பாக ஒட்டியிருக்கிறது, தொட்டால் விரலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கூடவே ஒரு கேசட். அந்தக் காலத்தில் கடிதம் எழுதுவதற்குப் பதில் பேசி அனுப்புவார்களே, அப்படித் தாத்தா அங்கிருந்து பாட்டிக்குப் பேசி அனுப்பியது. அதை இந்த வாக்மேனிலேயே போட்டுக் கேட்கணும் என்று அம்மாவுக்கு ஆசை. மூடியும் பட்டனும் வெளிநாட்டு ஏலத் தளங்களில் வருகிறது, விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. முதலில் அதை வாங்கிப் போட்டுவிடலாமா, இல்லை வேறு எங்கிருந்தாவது தொடங்கணுமா?

பனங்கிழங்கு:

எதற்கு இந்தப் பாடு? கேசட்டை மட்டும் யாரிடமாவது கொடுத்து எம்பி3 ஆக்கிக்கொண்டு வாக்மேனை ஷோகேஸில் வைத்துவிடுங்கள். விற்கிறதானாலும் அவசரப்பட வேண்டாம், 2014-ல் ஒரு ஹாலிவுட் படத்தில் ஹீரோ இதே மாடலை வைத்துக்கொண்டு சுற்றினதிலிருந்து இதற்கு மவுசு ஏறிப்போய்விட்டது. ஓடாததற்கே ஆள் வருவான்.

முதுநகர் ரேடியோ:

தம்பி, முதலில் ஒரு விஷயம். 1979 ஜூலை 1-ம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் வாக்மேன் இந்த மாடல்தான். ஹெட்போன் ஓட்டைகள் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'கைஸ் அண்ட் டால்ஸ்' என்றிருந்தால் ஆரம்பத்தில் வந்த பீஸ், ஏ, பி என்றிருந்தால் கொஞ்சம் பின்னால் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து கேட்பதற்குத்தான் இரண்டு ஓட்டை. கேட்டுக்கொண்டே பேச வேண்டுமென்றால் அந்த ஆரஞ்சு பட்டனை அமுக்க வேண்டும், பாட்டு இறங்கி உள்ளே இருக்கிற மைக் வழியாகப் பேச்சு காதுக்கு வரும். ஆக, பட்டன் இல்லாவிட்டாலும் பாட்டு கேட்கலாம். மூடி இல்லாவிட்டாலும் கேட்கலாம். அதனால் இரண்டையும் இப்போது வாங்க வேண்டாம். ஓடாத மெஷினுக்கு மூடி வாங்கிவிட்டு, அப்புறம் மோட்டார் செத்திருக்கிறது என்று தெரிந்தால் வயிறு எரியும். ஓட்டத்துக்கு வேண்டியது முதலில், பார்வைக்கு வேண்டியது கடைசியில்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். தாத்தா பேசின கேசட்டை இந்த மெஷினில் சோதனைக்குப் போடவே கூடாது. டேப்பை மெஷின் மென்றுவிட்டால் குரல் போனது போனதுதான், வாக்மேனுக்கு வேறு சாமான் கிடைக்கும், அதற்குக் கிடைக்காது. நன்றாக ஓடுகிற ஒரு கேசட் டெக்கில் போட்டு கம்ப்யூட்டரில் முதலில் ஏற்றிவிடுங்கள், பனங்கிழங்கு சொன்னதில் அது மட்டும் சரி. அதற்கும் முன்னால் கேசட் ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சை, நம் கடலோர ஈரத்துக்கு அது சகஜம், அப்படியே ஓட்டினால் டேப்பைப் படிக்கிற டெக் ஹெட்டும் கெடும். டேப்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு பஞ்சுப் பட்டை இருக்கும், பழைய கேசட்டில் அது உதிர்ந்திருந்தால் ஹெட்டில் டேப் சரியாகப் படாது, சத்தம் அமுங்கிக் கேட்கும்.

இனி வேலைக்கு வருவோம். ஜப்பான் ஸ்குரூவுக்கு ஜேஐஎஸ் என்று தனி வெட்டு உண்டு, சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் வழுக்கித் தலையை மழித்துவிடும். அதற்கான டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பச்சை பூத்த இடத்தில் எந்த பேட்டரி கசிந்தது என்று பார்க்கணும். ஆல்கலைன் என்றால் காரம், வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். அந்தக் காலத்துச் சாதாரண துத்தநாக பேட்டரி என்றால் கசிவு அமிலப் பக்கம், அதற்கு ஆப்பசோடா கரைத்த தண்ணீர். எதுவானாலும் போர்டு பக்கம் வடிய விடாதீர்கள், கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். தகடு அரித்துப் போயிருந்தால் உடைந்த பொம்மையிலிருந்தோ டார்ச்சிலிருந்தோ வெட்டிப் போடலாம், அதற்கெல்லாம் ஒரிஜினல் தேட வேண்டாம்.

அந்தக் கருப்புப் பிசின் உருகின பெல்ட்தான். அதற்கும் அதே ஆல்கஹால், காது குடைகிற பட்ஸ், நிறையப் பொறுமை. தின்னர், பெட்ரோல் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். சானிட்டைசரும் கூடாது, அதில் கிளிசரின் இருக்கும். மோட்டார் புல்லியின் பள்ளத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் வழுக்கும்.

பெல்ட் அளவுக்கு ஒரு நூலை எடுத்து அது போகிற பாதை முழுக்கச் சுற்றி நீளம் பாருங்கள், அதில் 5 சதவீதம் கழித்துவிட்டு 3.14-ஆல் வகுத்தால் வாங்க வேண்டிய விட்டம் வரும். உதாரணமாக நூல் 200 மி.மீ. என்றால் 190, வகுத்தால் சுமார் 60 மி.மீ. ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறேன் என்று மட்டும் போகாதீர்கள், பாட்டு அழுகிற மாதிரி கேட்கும்.

உப்புக்காற்று:

மேலே அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், இரண்டு மூன்று மட்டும் சேர்க்கிறேன். இந்த மாடலில் இடது காதுக்கும் வலது காதுக்கும் வால்யூம் தனித்தனி. ஓட ஆரம்பித்து ஒரு பக்கம் மட்டும் கேட்டால் உடனே ஹெட் போச்சு என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அந்த ஸ்லைடரில் அழுக்குதான். கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு மேலும் கீழும் தள்ளினால் உயிர் வரும். செல்போனின் மைக் வைத்த இயர்போனைச் சொருகினாலும் ஒரு பக்கம் போகலாம், மைக் இல்லாத பழைய வகை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

பேட்டரி மூடியை 3டி பிரிண்டில் போடலாம். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும், சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் மூடி நெளிந்துவிடும். பிஇடிஜி என்று இன்னும் கொஞ்சம் சூடு தாங்குகிற பிளாஸ்டிக் உண்டு, அதில் போடச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் மாதிரி இருக்கிற அந்த மெல்லிய நாக்கு அடுக்குகளின் குறுக்கே வளைகிற மாதிரி பிரிண்ட் ஆனால் முதல் தடவை திறக்கும்போதே உடையும், அதனால் மூடியைப் படுக்கவைத்து பிரிண்ட் எடுக்கணும்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய டேப்ரிக்கார்டர் எப்போதாவது வரும், ரோலருக்கு அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு.

முத்தியால்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஓட்டை பக்கத்தில் ஏ, பி என்றுதான் இருக்கிறது. கேசட்டைத் தெரிந்த ஒருவர் டெக்கில் போட்டு ஏற்றித் தருகிறேன் என்றார், பூஞ்சை எதுவும் கண்ணில் படவில்லை. பிசினைத் துடைத்தாகிவிட்டது. மூடி இல்லாததால் ஒயர் இழுத்து இரண்டு பென்சில் பேட்டரியை வெளியே வைத்துப் பிளே அமுக்கினேன், மோட்டார் சுற்றுகிறது! பெல்ட் சுற்றுகிற கனமான சக்கரத்தை, அதாவது ஃப்ளைவீலை, விரலால் சுற்றினால்தான் இறுக்கமாக இருக்கிறது. வீட்டில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த உடைந்த டூ-இன்-ஒன் ஒன்று கிடக்கிறது, அதன் ரோலரைப் போடலாமா? பேட்டரிக்குப் பதில் அடாப்டர் கொடுக்கலாமா?

முதுநகர் ரேடியோ:

மோட்டார் சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஃப்ளைவீல் இறுக்கம் என்பது பழைய எண்ணெய் காய்ந்து கெட்டியானது. உருவி எடுத்து, தண்டையும் அது உட்காருகிற புஷ்ஷையும் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம் (சிரிக்காதீர்கள், விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்). எண்ணெய் தண்டின் மேல்பக்கம், டேப் படுகிற இடத்துக்கு வந்துவிட்டால் திரும்பத் துடைக்கணும்.

டூ-இன்-ஒன் ரோலர் பொருந்துமா என்பது அளவைப் பொறுத்தது. வெர்னியர் வைத்து நடு ஓட்டை, அகலம், வெளி விட்டம் மூன்றும் பாருங்கள். ஓட்டையும் அகலமும் அப்படியே ஒத்துப்போகணும். வெளி விட்டம் துளி குறைந்தாலும் பரவாயில்லை, அழுத்துகிற கை நகர்ந்து சரிக்கட்டும், வேகமும் மாறாது, ஏனென்றால் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த இரும்புத் தண்டுதான், ரோலர் இல்லை. விட்டம் கூடினால்தான் தொல்லை. ரப்பர் பளபளவென்று கண்ணாடியாகி இருந்தால் நைஸ் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பிளே அமுக்கியதும் ரோலர் தண்டோடு முழு அகலத்துக்கும் ஒட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு ஓரம் தூக்கியிருந்தால் டேப் ஏறிப்போய்ச் சிக்கும்.

அடாப்டர் 3 வோல்ட். சொருகும் முன் பாடியில் பிளஸ் நடுவிலா வெளியிலா என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, அடாப்டர் முனையை மல்டிமீட்டரில் சரிபாருங்கள், தலைகீழாகக் கொடுத்தால் போர்டு போய்விடும். சந்தேகம் என்றால் பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.

வேகம் பார்க்க, சரியான நீளம் தெரிந்த ஒரு பாட்டை வேண்டாத கேசட்டில் ஓட்டிக் கடிகாரத்தில் பாருங்கள். 5 நிமிஷப் பாட்டு 9 வினாடி முன்னதாக முடிந்தால் 3 சதவீதம் வேகம். 6 சதவீதம் போனால் அரைக் கட்டை சுருதியே ஏறிவிடும், காதிலேயே தெரியும். அதைச் சின்ன திருகில் சரிசெய்யலாம், ஆனால் புது பெல்ட் கொஞ்ச நேரம் ஓடி இளகட்டும், அதற்கப்புறம் தொடுங்கள். ஹெட் பக்கத்தில் இருக்கிற ஸ்குரூ அது இல்லை, அதில் கை வைக்கவே கூடாது. பெல்ட் வாங்கும்போது கணக்கில் வந்த அளவிலும் அதற்கு 2 மி.மீ. கீழேயும் ஒவ்வொன்று வாங்கிக்கொள்ளுங்கள், எது மோட்டாரைத் திணற விடாமல் வழுக்காமல் ஓடுகிறதோ அது இருக்கட்டும்.