மாடித் தொட்டியில் மல்லித்தழை, கறிவேப்பிலை: விதை போட்டே வளர்க்க முடியுமாங்க?

திருப்பூர்_மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மொட்டைமாடி முழுக்க வெயில்தான், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் மத்தியானத்துக்கு மேல் நிழல் விழும். அங்கே ஐந்தாறு தொட்டி வைத்து, சமையலுக்கு வேண்டியதை விதை போட்டே வளர்க்கலாம் என்று ஆசை. மல்லித்தழைதான் முக்கியம். பச்சைப்புளி ரசத்தில் ஒரு கைப்பிடி தழை விழவில்லையென்றால் எங்கள் மாமனார் ரசம் வேண்டாம் என்று மோருக்குப் போய்விடுவார். அப்புறம் வெந்தயக்கீரை, புதினா, கறிவேப்பிலை. மகளுக்குப் பீட்சாவுக்குப் பேசில் என்கிற வாசனை இலை வேண்டுமாம்.

மளிகைச் சாமானோடு வந்த மல்லியைப் போட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. முளைத்ததும் அரைவிரல் உயரத்தில் இலை ஓரம் கருகி நின்றுவிடுகிறது. தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி கலந்திருக்கிறேன். ஊற்றுவது போர் தண்ணீர். விதையை மாற்ற வேண்டுமா, கலவையை மாற்ற வேண்டுமா?

கோவை_பால்கனி:
விதையை மாற்றுங்க அக்கா. கோவை வந்தால் லாலி ரோடு பக்கம் வேளாண் பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பாருங்க. கோ 3, கோ 4 என்று மல்லியில் அவர்கள் வெளியிட்ட ரகங்களே உண்டு. கலவையில் ஒரு குறையும் இல்லை. நான் வெறும் கோகோபீட்டில்தான், அதாவது அந்த நார்க்கழிவில்தான் வளர்க்கிறேன், தளதளவென்று வருகிறது.

சாளைக்காரம்மா, அவிநாசி பக்கம்:
அம்மிணி, விதையை மாற்றுவதற்கு முன்னால் தொட்டி விளிம்பைத் தடவிப் பாருங்க. வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? நகத்தால் சுரண்டினால் உதிர்கிறதா? அது உப்பு. போர் தண்ணீரில் இருப்பது போதாதென்று நார்க்கழிவிலும் உப்பு உண்டு. கட்டியாக அழுத்தி விற்பதைப் பல இடங்களில் சரியாகக் கழுவுவதில்லை. வெயில் ஏற ஏறத் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கும். இப்போதுதான் விட்ட பிஞ்சு வேர் அதைத் தாங்காது. உங்களுக்கு இலை ஓரம் கருகுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கோவைத் தம்பி வெறும் கோகோபீட்டே போதும் என்கிறார். அவர் வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருமாக இருக்கும், எதில் போட்டாலும் முளைக்கும்! நம் பக்கம் அந்தக் கொடுப்பினை இல்லை. நார்க்கழிவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்க. பழுப்பாக வடிகிற தண்ணீர் தெளியும் வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவுங்க. அதிலும் பாதியைக் குறைத்துவிட்டு அந்த இடத்துக்குச் செம்மண் போடுங்க. மல்லிக்கு நல்ல தண்ணீர் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும் என்றில்லை, சமையலுக்குப் பிடிக்கிற நல்ல தண்ணீரில் அரிசி, பருப்பு, காய் கழுவி வடிப்பதே இரண்டு தொட்டிக்குப் போதும். உப்பு போட்டு அலசிய தண்ணீர் மட்டும் வேண்டாம். மழை பெய்தால் தொட்டியை உள்ளே இழுக்காதீங்க. அடியில் ஓட்டை சரியாக இருந்தால் ஒரு நல்ல மழை உப்பை அடித்துக்கொண்டு போய்விடும்.

இனி விதை. மளிகைக்கடை மல்லி முளைக்காது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழசாக இருந்தால் முளைக்காது, அவ்வளவுதான். பத்து மல்லியை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நாம் மல்லி விதை என்பது உண்மையில் காய், உள்ளே இரண்டு விதை இருக்கிறது. அதனால் பலகையில் பரப்பிப் பூரிக்கட்டையை மேலே லேசாக உருட்டுங்க. 'டிக் டிக்' என்று இரண்டாக விரிகிற சத்தம் கேட்கும், அதோடு கையை எடுத்துவிடுங்க. இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் ரசப்பொடிக்குத்தான் ஆகும். ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து நிழலில் உலர்த்தி, அரை அங்குல ஆழத்தில் போட்டு மண்ணை மூடுங்க. முளைக்க எட்டு நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். வெந்தயம் இரண்டு மூன்று நாளில் எட்டிப் பார்க்கும், அதைப் பார்த்துவிட்டு மல்லித் தொட்டியைக் கிளறிப் பார்க்கிற ஆட்கள் நிறைய.

எந்த மாதம் போட்டீர்கள் என்று எழுதவில்லையே? மல்லிக்குச் சூடு ஆகாது. சித்திரை, வைகாசி வெயிலில் போட்டால் முளைப்பும் குறையும், வந்ததும் தண்டை நீட்டி, இலை மெலிந்து, தழை பறிக்கும் முன்னாலேயே பூத்துவிடும். ஆனி, ஆடியில் ஒரு போகம், ஐப்பசியில் ஒரு போகம் போடலாம். ஐப்பசியில் போடுவதுதான் சுலபம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் இரண்டாம் மாடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், காலையில் ஊற்றிய ஈரம் மத்தியானம் இருக்காது. தொட்டிகளைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே ஒதுக்கி, மேற்குப் பக்கம் பழைய சேலையை இழுத்துக் கட்டிவிடுங்க. எல்லாத் தொட்டியிலும் ஒரே நாளில் போடாமல் பத்து நாளுக்கு ஒரு தொட்டியாகப் போட்டால் ரசத்துக்குத் தழை தீராது.

புதினாவுக்கு விதை தேட வேண்டாம். விதையில் வந்தாலும் தாய்ச்செடி வாசனை அப்படியே வராது. சந்தையில் வாங்குகிற கட்டில் தடித்த தண்டாக நாலைந்து எடுத்து, கீழ் இலையைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்க. ஒரு வாரத்தில் வெள்ளை வேர் விடும். தனித் தொட்டியில் நடுங்க, பக்கத்தில் இருப்பதையெல்லாம் அமுக்கிவிடும்.

காரமடை_தோட்டம்:
கறிவேப்பிலைக்கு நான் சொல்கிறேனுங்க. எங்கள் பக்கம் ஏக்கர் கணக்கில் இருக்கிறது. காய்ந்த விதையைப் பாக்கெட்டில் வாங்காதீங்க, முளைக்கிற சக்தி சீக்கிரம் போய்விடும். ஆடி, ஆவணியில் யார் வீட்டுப் பொடக்காலியிலாவது மரத்தில் பழம் கருநீலமாகப் பழுத்துத் தொங்கும். மரம் நல்ல வாசனையா என்று ஓர் இலையைக் கசக்கிப் பார்த்துவிட்டுப் பறியுங்க. சதையைப் பிதுக்கிக் கழுவி, மூன்று நாலு நாளைக்குள் போட்டுவிட வேண்டும். ஆனால் பொறுமை வேண்டும், நாற்று பெரிய தொட்டிக்கு மாற்றுகிற அளவுக்கு வர ஒரு வருடம் ஆகும். அவசரமென்றால் அதே மரத்தடியில் முளைத்திருக்கிற வேர்க்கன்றை வேரோடு எடுத்து வாங்க.

இன்னொன்று. இலை மேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்க. தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். எலுமிச்சையைத் தின்கிற அதே வண்ணத்துப்பூச்சிப் புழு. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான். சின்னச் செடி என்றால் இரண்டு புழு போதும், மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்துப் போடுவதோடு சரி, திங்கிற இலைக்கு மருந்தெல்லாம் அடிக்காதீங்க.

திருப்பூர்_மாடிவீடு:
அம்மா, நீங்கள் சொன்னது போலவே விளிம்பெல்லாம் வெள்ளை! போட்டது பங்குனியில். நார்க்கழிவை இன்றைக்கே ஊறவைத்துவிட்டேன், தண்ணீர் கஷாயமாக வடிகிறது. பேசிலுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? விதைப் பாக்கெட் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நாட்டு மருந்துக் கடை சப்ஜா விதையும் அதுதான் என்கிறார்களே, போட்டால் வருமா?

சாளைக்காரம்மா, அவிநாசி பக்கம்:
வரும் அம்மிணி. அது திருநீற்றுப் பச்சிலை, பேசிலும் அதே இனம்தான். வாசனை மட்டும் நம்முடையதில் காரமாக இருக்கும், பீட்சாவில் பாதி இலை போட்டால் போதும். மகள் பாக்கெட் பேசில்தான் வேண்டும் என்றால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் பத்து ரூபாய்ச் சப்ஜாவில் கை பழகட்டும். மல்லி போல இதை ஊறவைத்துவிடாதீங்க, ஜவ்வாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்த மணலோடு கலந்து மேலாகத் தூவி, மண் மூடியும் மூடாமலும் இருக்கும்படி விட்டு, கையால் தெளியுங்க. குடத்தில் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். மல்லிக்கு ஆகாத வெயில் இதற்கு ஆகும், ஆகையால் நிழல் பக்கம் வைக்க வேண்டாம். ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். பூக்கதிர் வர வரக் கிள்ளிக்கொண்டே இருங்க, ஒரே ஒரு செடியை மட்டும் விதைக்கு விட்டுவிடுங்க.