உலர் இரத்தப் புள்ளி அட்டையை நம்பி மாதிரி அனுப்பலாமா?

கேள்வி:
எங்கள் சுகாதார நிலையத்திலிருந்து ஆய்வகத்துக்கு ஒன்றரை நாள் பயணம். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனைக்கு எடுக்கும் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய திரவப் பகுதி) பிரிக்க இங்கே சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் கருவி இல்லை. வழியில் ஐஸ் உருகி, சிவப்பணுக்கள் சிதைந்து, ‘மாதிரி ஏற்கத்தக்கதல்ல’ என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. அதே கைக்குழந்தைக்கு மறுபடியும் ஊசி போட வேண்டும் என்று தாயிடம் சொல்ல வாய் வருவதில்லை. வடிதாள் அட்டையில் இரத்தச் சொட்டுகளை உலர்த்தி அனுப்பும் முறை இதற்கு ஈடாகுமா?

பதில் 1:
காயவைப்பதில் பொறுமை இருந்தால் ஈடாகும். 1960களில் ராபர்ட் கத்ரி பச்சிளங்குழந்தைகளின் பரிசோதனைக்குப் புகுத்திய முறைதான் இது. கைக்குழந்தைக்கு விரலில் குத்தாமல் குதிகாலின் ஓரத்தில் குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்தது தானாகத் திரளும்வரை காத்திருந்து தாளைத் தொடவைத்தால், அட்டையில் அச்சிட்ட வட்டம் பின்பக்கம்வரை ஊறிவிடும். பிழிந்தெடுத்தால் திசுநீர் கலக்கும்; சொட்டின்மேல் சொட்டு வைத்தாலும் அளவு கெடும். பிறகு வெயில் படாமல் கிடையாக வைத்துக் குறைந்தது 4 மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் ஜிப் உறையில் இடுங்கள். ஆய்வகத்தில் என் மேசையில் நான் ஒதுக்கும் அட்டைகளில் பல, அவசரமாக உறையில் போட்டதால் ஈரம் உறையோடு ஒட்டிக்கொண்டவை.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் எல்லாக் கேள்விக்கும் அட்டை விடை தராது. ஒரு வட்டத்தில் இருப்பது சுமார் 70 மைக்ரோலிட்டர் முழு இரத்தம் மட்டுமே என்பதால் மிகக் குறைந்த வைரஸ் அளவு தப்பிவிடலாம்; மறுபுறம், அணுக்களுக்குள் இருக்கும் எச்.ஐ.வி. மரபுப்பொருளும் சேர்ந்து எண்ணிக்கையை உயர்த்திக் காட்டலாம். ஆகவே வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 1000 பிரதிகளுக்கு மேலா கீழா என்று பார்க்க இது உதவும். 50க்குக் கீழ் இறங்கிவிட்டதா என்று பார்க்க இதை நம்பாதீர்கள். இன்னொன்று: குழாய் உடைந்து சிந்தும் அபாயம் இல்லையே தவிர, காய்ந்த இரத்தம் தீங்கற்றது அன்று. ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பில் குறைந்தது 7 நாட்கள் தாங்கும். கையுறை அவசியம், குத்தியதும் முனை தானே உள்ளிழுத்துக்கொள்ளும் லான்செட்டையே (குத்தும் சிறு ஊசி) வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மழைக்காலத்தில் 4 மணி நேரத்தில் காயாவிட்டால், முடி உலர்த்தும் கருவியைப் பயன்படுத்தலாமா?

பதில் 1:
வேண்டாம், சூடு மாதிரியைக் கெடுக்கும். இரவு முழுவதும் அட்டையை உலர்த்தும் தாங்கியிலேயே விட்டுவிடுங்கள். உறைக்குள் வைக்கும் ஈரப்பதம் காட்டும் நீல அட்டை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், அனுப்பும் முன் சிலிக்கா ஜெல்லை மாற்றிவிடுங்கள்.