இரும்பின் தேதி மாறிக்கொண்டே போகிறது, கோயில் கல்லுக்கு விலை பேசுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செல்வம், அயோத்தியாப்பட்டணம்

வணக்கம். அயோத்தியாப்பட்டணத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு ஐ.டி.ஐ. வரைதான். இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

முதலாவது, இரும்பு. 2022-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை போகிறது என்று செய்தி வந்தது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளை, கி.மு. 3345 என்றார்கள். நாள் முழுக்க இரும்போடு கிடப்பவன் நான், கேட்கவே பெருமையாக இருந்தது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். "அப்பா, அப்ப போன தடவ சொன்னது பொய்யா? இதுவும் மாறுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இரண்டாவது, எங்கள் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி மாதேஷுக்குச் சொந்த ஊர் ஏற்காடு மலையில் ஒரு கிராமம். அவர்கள் ஊர் எல்லையில் மரத்தடிப் பிள்ளையார் பக்கத்தில் வழவழப்பான கருங்கற்கள் ஏழெட்டு வைத்து, எண்ணெய் பூசிக் கும்பிடுகிறார்கள். நானும் பார்த்தேன். ஒரு முனை தடிமன், மறுமுனை கோடரி வாய் மாதிரி தேய்த்து இறக்கியிருக்கிறது. இந்த வருடம் திருவிழாச் சமயத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, கல்லுக்கு ஐயாயிரம் தருகிறேன் என்று பேசியிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் விரட்டிவிட்டார்கள். அது உண்மையிலேயே பழைய காலத்துப் பொருளா? ஒரு கல்லை வைத்துக்கொண்டு மனிதனுடைய பழைய கதையை எப்படிச் சொல்கிறார்கள்? கல்லை என்ன செய்வது?

பாலாஜி, செவ்வாய்ப்பேட்டை

அண்ணா, அது கைக்கோடரி. சந்தேகமே வேண்டாம், கற்காலம்தான். உடனே எடுத்துக்கொண்டுபோய் சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். மலையில் விட்டுவைத்தால் அடுத்த திருவிழாவுக்குள் காணாமல் போய்விடும்.

கலைவாணி, ஓமலூர்

செல்வம் அண்ணா, தயவுசெய்து யாரும் அந்தக் கல்லை நகர்த்த வேண்டாம். அருங்காட்சியகத்துக்குக்கூட இப்போது வேண்டாம். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

தொல்லியல் படித்துவிட்டு, அகழாய்வுகளில் ஒப்பந்தத்தில் பதிவாளராக வேலை பார்த்தவள் நான். குழியில் கிடைப்பதை அளந்து, வரைந்து, சீட்டு எழுதிப் பையில் போடும் வேலை. எந்தக் குழி, எந்தக் கால்பகுதி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்த மண் அடுக்கு என்று சீட்டில் இருக்க வேண்டும். ஒரு களத்தில், டீ இடைவேளையில், குழியில் வேலை செய்த ஓர் அம்மா என் உள்ளங்கையில் ஒரு சூதுபவள மணியை வைத்தார். செக்கச்செவேல் என்று, துளை போட்ட இடத்தில் சுற்றிலும் மெல்லிய கீறலோடு, அவ்வளவு அழகு. எங்கே இருந்தது என்று கேட்டால், மண் கூடையில் பளபளத்தது, எடுத்துக்கொண்டேன் என்கிறார். எந்த அடுக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. 'மேற்பரப்பு' என்று எழுதிப் பதிவேட்டில் சேர்த்தோம். காலக்கணிப்புக்கு அந்த மணியால் ஒரு பயனும் இல்லை. அதே வாரம், அதே குழியில், சுண்டைக்காய் அளவு கரித்துண்டு ஒன்று வந்தது. கை படாமல் எடுத்து அலுமினியத் தாளில் மடித்து, ஆழம் எழுதினோம். ஆய்வகத்துக்குப் போனது அதுதான்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: மனிதனின் பழைய கதையை மாற்றுவது பொருள் இல்லை, அது கிடந்த இடம். இடத்தைத் தொலைத்துவிட்டால் எவ்வளவு பெரிய பொருளும் வாய் திறக்காது.

இதற்கு உலகத்திலேயே பெரிய சாட்சி பிரான்சில் இருக்கிறது. பூஷே தெ பெர்த் என்ற சுங்க அதிகாரி, சோம் ஆற்றங்கரை சரளை மண்ணில் செதுக்கிய கல்கோடரிகள் கிடைக்கின்றன, அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு சேர்ந்தே கிடைக்கின்றன என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அலமாரி நிறைய கல் வைத்திருந்தார், பெரும்பாலோர் நம்பவில்லை. 1859 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்ற இருவர் போய், அதே ஆற்றங்கரையில் உள்ள ஆமியானில் கலையாத சரளை அடுக்குக்குள் ஒரு கோடரி பதிந்திருப்பதைக் கண்ணால் பார்த்து, புகைப்படமும் எடுக்க வைத்தார்கள். அந்த வருடத்திலேயே மனித வரலாற்றின் வயது அறிஞர்கள் மத்தியில் தலைகீழாக மாறியது. அலமாரிக் கற்களால் ஆகாத காரியம், மண்ணில் செருகியபடி இருந்த ஒரு கல்லால் ஆனது.

அந்தச் செய்தி இந்தியாவில் நிலவியல் துறையில் இருந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் காதுக்கும் வந்தது. இங்கேயும் இருக்குமே என்று தேடத் தொடங்கினார். 1863 மே 30 அன்று சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் செம்மண் சரளைக் குழியில் முதல் கோடரியை எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். இதே இருவர்தான் நம் சேலம் பகுதியின் பாறைகளைப் பற்றி 1864-இல் அரசு நிலவியல் அறிக்கை எழுதியவர்கள். ஃபூட் கடைசியில் ஏற்காட்டில் குடியேறினார். அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஏற்காடு போகிறவர்கள் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இந்தியாவின் மனித வரலாற்றை லட்சக்கணக்கான ஆண்டுகள் பின்னால் தள்ளிய மனிதர் அவர். சேலம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அவர் சேர்த்த கற்களை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கிடைத்த கற்கோடரிகளும் அதில் உண்டு. அந்தத் தொகுப்புக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்குக் காரணம், எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்ததுதான்.

அத்திரம்பாக்கத்தில் அடுத்த பெரிய செய்தி வர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டுகள் தோண்டி, மண்ணுக்குள் ஆழத்தில் கிடந்த கோடரிகளை ஆராய்ந்து, அவை சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். கல் மேற்பரப்பில் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டு, அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தில் ஒருவகை பெரிலியமும் ஒருவகை அலுமினியமும் உண்டாகும். ஆழத்தில் புதைந்ததும் புதிதாக உண்டாவது நின்றுபோகும். இருந்தது வெவ்வேறு வேகத்தில் சிதையும். எவ்வளவு மீதி என்று பார்த்தால் புதைந்து எத்தனை காலம் என்று தெரியும். ஃபூட் காலத்தில் இந்த முறையை யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். கீழ் அடுக்கு கலையாமல் இருந்ததால் இது முடிந்தது.

இப்போது உங்கள் மகள் கேள்விக்கு வருகிறேன். பொய் இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். 'இரும்புக் காலம் இந்த ஆண்டில் தொடங்கியது' என்று புத்தகத்தில் இருந்தால், 'இதுவரை கிடைத்ததில் மிகப் பழையது இது' என்று படிக்க வேண்டும். அடுத்த குழியில் இன்னும் பழையது வந்தால் எல்லை கீழே இறங்கும். நம் மாவட்டமே இதில் இருக்கிறது: மேட்டூர்ப் பக்கம் மாங்காட்டில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 1604 முதல் 1416 வரை என்று தேதி வந்தது. மயிலாடும்பாறை அதைத் தாண்டியது, சிவகளை இரண்டையும் தாண்டியது. ஒன்று வந்ததால் மற்றது தப்பாகிவிடவில்லை. மாங்காட்டில் அந்தக் காலத்தில் இரும்பு இருந்தது என்பது அப்படியே நிற்கிறது.

நீங்கள் பட்டறைக்காரர், இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வீர்கள். எஃகில் கார்பன் இருக்கிறதல்லவா? பழைய உலையில் அது அடுப்புக்கரியிலிருந்து இரும்புக்குள் ஏறியது. கரி மரத்திலிருந்து வந்தது. அதனால், மரத்திலிருந்து வந்த கார்பனில் ஒருவகை எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பில் எஃகுக்கே தேதி போட வழி இருக்கிறது. ஆனால் உலைக்குப் போட்டது ஏற்கெனவே பல வருடம் நின்ற முதுமரமாக இருந்தால் தேதி உண்மையைவிடக் கொஞ்சம் பழையதாக வரும். ஈமத்தாழியில் இரும்புக்குப் பக்கத்தில் கிடந்த கரிக்குத் தேதி போட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே போனவைதானா என்று பார்க்க வேண்டும். அதனால்தான் ஒரே இடத்தில் பல மாதிரிகளை, பல ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். சிவகளைத் தேதியை நான் மதிக்கிறேன். அதே வயதில் இன்னும் நாலைந்து ஊர்களில் இரும்பு வர வேண்டும் என்று காத்திருக்கிறேன். உருக்கிய உலையும் வேண்டும். ஒரு வாள் கிடைத்தால் அதை வைத்திருந்தவர் அங்கே இருந்தார் என்று தெரியும். உலையும் கசடும் அடுக்கில் கிடைத்தால்தான் அங்கேயே செய்தார்கள் என்று சொல்ல முடியும். மேக்னடைட் என்ற இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைத் தேடாமல் இருக்கக் கூடாது.

அப்புறம் மலைக் கற்கள். பாலாஜி தம்பி, கைக்கோடரி என்பது அத்திரம்பாக்கத்தில் கிடைப்பது, செதுக்கியது. அண்ணன் சொல்வது தேய்த்து மெருகேற்றியது, புதிய கற்காலத்தது. இரண்டுக்கும் நடுவில் லட்சக்கணக்கான ஆண்டுகள். படம் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் வாய் தேய்த்து இறக்கியது என்று அண்ணன் சொல்வது பொருந்துகிறது. இப்படிப்பட்ட கோடரி வைத்திருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் தோண்டியபோது தெரிந்தது. கோடரியோடு கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. காடு திருத்தி விதைத்தவர்கள் என்று அந்தத் தானியம் சொன்னது. கோடரி மட்டும் கிடைத்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

மாதேஷ்

அக்கா, அண்ணன் சொன்ன மாதேஷ் நான்தான். படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரு பயம். தொல்லியல் துறைக்குச் சொன்னால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று எங்கள் ஊரில் கேட்கிறார்கள். எங்களுக்கு அது கல் இல்லை, சாமி. மழை தள்ளிப்போனால் அதற்குத்தான் தண்ணீர் ஊற்றுகிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் யார் எண்ணெய் ஊற்றுவார்கள்?

கலைவாணி, ஓமலூர்

தம்பி, உங்கள் ஊர்க்காரர்கள் கேட்பது நியாயம். அந்த மரத்தடியை விட்டு அவை போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவை மண்ணிலிருந்து ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவை. பழைய அடுக்கு தெரியாது. ஆனால் அவற்றுக்கு இப்போது இன்னொரு இடம் இருக்கிறது, உங்கள் பிள்ளையார் பக்கம். உழும்போது கலப்பையில் தட்டியதை யாரோ தூக்கி எறியாமல், இது சாதாரணக் கல் இல்லை என்று கண்டு, கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கு நாம் பேசவே முடிகிறது. அதுவும் பதிய வேண்டிய வரலாறுதான்.

பெரியவர்கள் சம்மதித்தால் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். வாய்ப் பக்கம் உடைந்திருந்தால் அதையும் தனியாக எடுங்கள், வேலை செய்ததில் தேய்ந்ததா, பிறகு உடைந்ததா என்று அதில் தெரியும். மேலே படிந்த எண்ணெயைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம். கல்லின் மேல் ஒட்டியிருக்கும் நுண்ணிய படிவுகள் போய்விடலாம். ஊர்ப் பெயரை இந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள், வாங்க வந்தவர்கள் இதையும் படிப்பார்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்வதே குற்றம் என்று ஊரில் சொல்லிவையுங்கள். அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு ஊர்ப் பெயரில் ஒரு கடிதமும் படங்களும் கொடுத்தால், நாளைக்குக் காணாமல் போனால் காட்ட ஒரு பதிவு இருக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்கு வேண்டியது ஒன்று: அந்தக் கற்கள் எந்த நிலத்தில் கிடைத்தன என்று வீட்டில் யாருக்காவது நினைவு இருக்கிறதா?

மாதேஷ்

ஆயாவிடம் போனில் கேட்டேன் அக்கா. ஓரத்தில் இருக்கும் இரண்டு கல், அவர் கல்யாணமாகி வந்த பிறகு, சாமை விதைக்க மேட்டுக்காட்டைத் திருத்தியபோது தாத்தா கொண்டுவந்தது. மற்றவை அவருடைய மாமியார் காலத்துக்கும் முன்னாலேயே இருந்தனவாம். அந்த மேட்டுக்காடு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. ஒரு பாதியில் காப்பி போட்டுவிட்டோம், மறுபாதி சும்மா கிடக்கிறது.

கலைவாணி, ஓமலூர்

சும்மா கிடக்கும் பாதியில் புதிதாகக் குழி எதுவும் வெட்ட வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை நடந்து பாருங்கள், பானை ஓடு, கல் சில்லு எல்லாம் கழுவினமாதிரி தெரியும். சாம்பல் நிறத்தில், கையால் வனைந்தது மாதிரி தடித்த ஓடு இருந்தால் எடுக்காமல் படம் மட்டும் அனுப்புங்கள், எந்த வரப்பிலிருந்து எத்தனை அடி என்று சேர்த்து. ஆயாவுக்கு அந்த இரண்டு கல்லில் எது முதலில் வந்தது, காட்டின் எந்த மூலை என்று நினைவிருந்தால், அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிந்துவையுங்கள். செல்வம் அண்ணா, மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அளவு பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.