உடும்பு, பாம்பு, டைனோசர்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செந்தூல் அப்பா:

போன ஞாயிறு காலை தித்திவங்சா ஏரிப் பக்கம் மகனோடு நடந்துகொண்டிருந்தேன். தண்ணீரிலிருந்து ஓர் உடும்பு ஏறி வந்து நடைபாதைக்குக் குறுக்கே நின்றது. வாலையும் சேர்த்தால் என் உயரம் இருக்கும். யாரோ பெஞ்சுக்கடியில் போட்டுவிட்டுப் போன நாசி லெமாக் பொட்டலத்தைப் பிளந்த நாக்கால் தடவித் தடவிப் பார்த்தது. அப்படியொரு நிதானம். அப்புறம் பாதி முட்டையை மட்டும் எடுத்து, தலையை நிமிர்த்தி ஒரே விழுங்கு. சம்பலைத் தொடவேயில்லை.

"டைனோசர் இன்னும் சாகலையாப்பா?" என்றான் ஏழு வயசுக்காரன். "அதோட பேரன்டா" என்று அடித்துவிட்டேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. பேரன்தானா?

பழைய வாத்தியார்:

பேரன் இல்லை சார், பங்காளிகூட இல்லை. தூரத்துச் சொந்தம். பல்லி, ஓணான், உடும்பு, பாம்பு எல்லாம் ஒரு கிளை. முதலை, டைனோசர், பறவை இன்னொரு கிளை. உங்கள் உடும்பு நடந்ததை நினைத்துப் பாருங்கள். கால் பக்கவாட்டில் விரிந்து, உடம்பு நெளிந்து நெளிந்து போகும். டைனோசருக்குக் கால் உடம்புக்கு நேர் கீழே, கோழிக்கு இருப்பதுபோல. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டம் அழிந்தபோது தப்பியவை பறவைகள்தான். ஆக, அன்று உங்கள் பையன் பார்த்த டைனோசர், மிச்சச் சோற்றுக்குக் காத்திருந்த காக்கா. (ஏரிப் பக்கம் காக்கா இல்லாமலா?) உடும்பும் குறைந்ததில்லை. கடலை ஆண்ட மொசாசோர் அதன் கிளைதான்.

மலேசியாவில் டைனோசர் இருந்ததா என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். இல்லை என்றே பல வருடம் சொல்லிவந்தேன். 2012இல் பகாங்கில் ஒரு பல் கிடைத்தது. மீன் தின்னும் ஸ்பைனோசர் வகை என்று 2014இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அறிவித்தார்கள். நீளம் 23 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நுனியளவு. பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் போட்டா திருத்த முடியும்?

பாயான் லெப்பாஸ் அக்கா:

டைனோசர் தெரியாது, பாம்பு தெரியும். பினாங்குப் பாம்புக் கோயில் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்று அம்மா சொல்வார். ஆனால் அந்தக் குழிவிரியன் காட்டிலும் அப்படித்தான். பகல் முழுக்க ஒரே கிளையில் அசையாமல் கிடக்கும், இரை அருகில் வந்தால் பாயும். ஒருமுறை அங்கே செருப்பை மாட்டிவிட்டு நிமிர்கிறேன், கண்ணுக்கு நேரே ஒன்று. கண்மணி நெட்டுக்குக் கீறியதுபோல். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் சின்னக் குழி. இருட்டில் இரையின் உடம்புச் சூட்டை அதற்குக் காட்டிக்கொடுப்பது அந்தக் குழிதானாம். செல்ஃபிக்குக் கை நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். விஷப் பாம்பு அது!

கறுப்பும் மஞ்சளும் பட்டை போட்ட பெரியதையும், பச்சையில் புள்ளி வைத்த சிறியதையும் இரண்டு சாதி என்று நினைத்திருந்தேன். பெரியது பெண், சிறியது ஆணாம். இவை முட்டை இடுவதில்லை, குட்டிதான் போடும்.

ஆயர் ஈத்தாம் பையன்:

2016இல் பாயா தெருபோங்கில் மேம்பாலம் கட்டும் இடத்தில் பிடிபட்ட மலைப்பாம்பு 8 மீட்டர் என்று செய்தியில் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தது ஒன்றரை மீட்டர்தான், வாஷிங் மெஷினுக்குப் பின்னால். மாமா வீரமாக வாலைப் பிடித்து இழுத்தார். அது அவர் முழங்கையைச் சுற்றிக்கொண்டது. அப்புறம் உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் கதைதான். பொம்பாக்காரர்கள் (தீயணைப்புப் படையினர்) வந்து பிரித்தெடுத்து, சாக்கில் போட்டுக் கட்டினார்கள். அதுவரை வாயே திறக்காத மாமா அப்போதுதான் கேட்டார்: "இது விஷமா?"

விஷமில்லை. பல் மட்டும் உள்பக்கமாக வளைந்திருக்கும், கடித்தபின் கையை இழுத்தால் சதை கிழியும் என்றார்கள். மாமா இப்போது மெஷினைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்திருக்கிறார்.