நாஃப்பிலியோ போயிட்டு வந்தவங்க, மனசுல நின்னதைச் சொல்லுங்க

திண்ணைவாசி:
ஏதென்சுக்கு முந்தி கிரீஸுக்குத் தலைநகரா இருந்த ஊர், அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு நின்னது ஆயியோஸ் ஸ்பிரிடோனாஸ் சர்ச் வாசல். 1831 அக்டோபர் 9, ஞாயித்துக்கிழமை காலைல பூசைக்கு வந்த கப்போடிஸ்ட்ரியாசை, அப்ப கிரீஸை ஆண்டவரை, அங்கதான் கொன்னாங்க. குண்டு பட்ட இடம்னு கதவோரச் சுவத்துல கண்ணாடி போட்டு வெச்சிருக்காங்க. நான் குனிஞ்சு பாத்துட்டிருந்தப்ப கறுப்பு உடுப்புல ஒரு பாட்டி வந்தாங்க. என்னைப் பாத்தாங்க, ரெண்டு விரலால தன் பிடரியைத் தொட்டுக் காட்டிட்டு உள்ள போயிட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. தெற்கே மானிங்கிற பகுதிக்காரங்க கோபத்துக்கு நாட்டோட முதல் ஆளுநரே பலி.

கரிசல்:
வெறும் கோபம்னு முடிச்சா எப்படி? ரஷ்ய ஜார்கிட்ட வெளியுறவு அமைச்சரா இருந்துட்டு வந்தவர், அதே தோரணையில இங்கயும் ஆளப் பாத்தார். மானி தலைக்கட்டுகளோட வரிப்பணத்துல கை வெச்சார், அவங்க தலைவர் பெட்ரோபேயைப் பிடிச்சு உள்ள போட்டார். சுட்டது, குத்தினது யாரு? பெட்ரோபேயோட தம்பியும் மகனும். கொலை சரின்னு சொல்லல, ஆனா வெளியில நின்னு பாத்தா இது புரியாது. நான் அந்த வாசல்ல நிக்கக்கூட இல்ல, வெயில் தாங்காம காபிக் கடைக்குப் போயிட்டேன்.

மலைக்கோட்டை மணி:
ஊருக்கு மேல இருக்கற பாலமிதி கோட்டை ஏறினேன், முட்டி போச்சு. அவ்வளவுதான் என் கதை. போறவங்களுக்குச் சில விஷயம். 999 படின்னு ஊரே சொல்லும்; ஆயிரமாவது படி, கிரீஸ் விடுதலைப் போர்த் தளபதி கொலோகோட்ரோனிஸோட குதிரைக் குளம்புல உடைஞ்சுதுன்னு கதையும் விடுவாங்க. எண்ணினா அவ்வளவு வராது, நம்பாதீங்க. ஆகஸ்ட்ல ஏறுறதா இருந்தா விடியக்காலைல கிளம்புங்க, வழியில நிழல் கிடையாது. தண்ணி கையில இருக்கணும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், கல்லு தேஞ்சு வழுக்கும். வயசானவங்க கூட வந்தா பின்பக்கம் ரோடு இருக்கு, டாக்சியில மேல விட்டுட்டு நீங்க இறங்கறப்ப மட்டும் படியில வாங்க. 1711ல ஆரம்பிச்சு மூணே வருஷத்துல வெனிஸ்காரங்க கட்டின கோட்டை, 1715ல துருக்கிக்காரங்க பிடிச்சிட்டாங்க. அத்தனை செலவு, அத்தனை மதில்! கொலோகோட்ரோனிஸை அடைச்ச அறைன்னு ஒண்ணு காட்டுவாங்க, வாசல் தாழ்வா இருக்கும், தலை பத்திரம்.

அலைவரிசை:
யாரும் பூர்ட்ஸியைச் சொல்லலயே? தண்ணிக்கு நடுவுல அந்தக் குட்டிக் கோட்டை. பாலமிதி சிறையில தலை வெட்டுற ஆளுங்களை ஊருக்குள்ள சேத்துக்காம அங்கதான் குடி வெச்சிருந்தாங்களாம். படகுக்காரர் இதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னார். அப்புறம் கொஞ்ச காலம் அதையே ஹோட்டலாவும் நடத்தியிருக்காங்க. எந்த ரூம்ல யாரு படுத்திருந்தாங்களோ, எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

மணி அண்ணே, படிக்கட்டு பத்தி இவ்வளவு எழுதினீங்க, உங்க முட்டி இப்ப எப்படி இருக்கு?